பின்னறையில் சும்மா கிடந்தது

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நேராகக் கரண்டு மீட்டரிடம்தான் போவார். இரண்டு மாதமாக இதே கூத்து. வாசல் சுவரில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு உள்ளே வந்து, என் தங்கையின் வலது பக்கமாக நின்று, "இன்னிக்கும் பதினஞ்சு யூனிட்" என்பார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாத வீடு இது.

வலது பக்கம் ஏன் என்றால், அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. அவள் புருஷன் அறைந்த அறை அப்படி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். "இருந்துட்டுப் போகட்டும், இது அவ அக்கா வீடு" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னவர் இவர்தான். யூனிட் ஏறியதும் அந்த மனசு சுருங்கிப் போனது. வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலேயும் 'அவசியமா?' என்று எழுதித் தாள் ஒட்டினார். குளியலறை ஹீட்டருக்கு மட்டும் இரண்டு தாள்.

"சும்மா உக்காந்து சாப்பிடறவங்களுக்கு எதுக்கு சுடுதண்ணி?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். சும்மா உட்கார்ந்திருந்தவள் அப்போது அவருடைய சட்டைக்குத்தான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் மனசில் ஒரு சந்தேகப் பூச்சி ஊரும். ஒரு நாள் அவள் துண்டு எடுக்கப் போன நேரம், குளியலறைக்குள் போய் அவள் பிடித்து வைத்திருந்த வாளியில் விரலை விட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. அவளுக்கு மூன்று வாரமாக இருமல் வேறு. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் முடிவாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போய் அவ வீட்ல விட்டுட்டு வரேன். புருஷன் பொண்டாட்டின்னா ஒரு அடி ரெண்டு அடி விழத்தான் செய்யும்."

கரண்டை யார் தின்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அவளை மறுபடியும் அந்த மிருகத்திடம் தள்ளிவிடுவார். அன்று சாயங்காலமே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வீட்டில் கரண்டில் ஓடும் சாமான் எல்லாவற்றையும் அவரையே கேட்டு எழுதினேன். ஹீட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி.

"பின்னறையில ஒரு ஃபிரிட்ஜ் இருக்கே?" என்றேன்.

"என் ஆபீஸ் நண்பர் குடுத்ததா? அது சும்மா கிடக்கு."

ரெண்டு மாதத்துக்கு முன் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோதும் இதே சொல்தான். "சும்மா குடுக்கறான், எதுக்கு விடணும்?" சும்மா வந்த சாமான் சும்மா கிடக்கிறது என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? நானும் பெரிய புத்திசாலி மாதிரி அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன்.

சனிக்கிழமை அவர் அரை நாள் வேலைக்குக் கிளம்பியதும் அடுத்த தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். டெஸ்டரைப் பென்சில் மாதிரி காதில் செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பேர். வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தார்.

"என்ன மேடம், வீட்ல யாராவது பரீட்சைக்குப் படிக்கறாங்களா?"

"வாயைக் கிளறாதீங்க. மீட்டரைப் பாருங்க."

வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். சமையலறை ஃபிரிட்ஜைக்கூடப் பிடுங்கினேன். ஒன்றுமே ஓடவில்லை. ஆனால் மீட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் நிற்காமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"எதுவோ ஓடுது மேடம்" என்று போர்டில் இருந்த ட்ரிப் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். கடைசி சுவிட்சைத் தள்ளியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. "இது பின்னறை லைன்."

"அங்க சும்மா ஒரு பழைய ஃபிரிட்ஜ்தான் கிடக்கு."

"சும்மா கிடந்தா மீட்டர் ஏன் மேடம் ஓடப் போகுது?"

சுவிட்சை மறுபடி மேலே தள்ளிவிட்டு, போய்க் கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன். உள்ளே உர்ரென்று சத்தம். கதவில் பூட்டு, சாவி என் வீட்டுக்காரர் கொத்தில். டெஸ்டர் காதிலிருந்ததை எடுத்துத் தாழ்ப்பாளின் நாலு திருகாணிகளையும் கழற்றினார். பூட்டு பூட்டினபடியே கையோடு வந்தது.

உள்ளிருந்து வந்த நாற்றம் இருக்கிறதே, சீச்சீ! புளித்த பாலும் ஈரத் துணியும் சேர்ந்து அழுகிய வாடை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்து தொங்கியது. அதன் மடிப்பெல்லாம் கருப்பாகப் பூசணம். கதவு மூடாததால் வீட்டுக்காரர் தன் பழைய பெல்ட்டால் இழுத்துக் கட்டியிருந்தார். அடியில் தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தது. சூடாக இருந்த பின்பக்கத்தில் கரப்பான்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன.

"கதவு மூடலைன்னா மோட்டார் நிக்கவே நிக்காது மேடம். ராத்திரி பகலா ஓடியிருக்கு" என்றார் டெஸ்டர்.

பெல்ட்டை அவிழ்த்தேன். உள்ளே கேக். க்ரீம் வைத்த கேக், ஐஸ்கிரீம் டப்பாக்கள், ரெண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள். ஒரு கேக்கில் கரண்டிகூடப் போடாமல் வாயாலேயே கடித்த பல் தடம். கடித்த இடத்தில் மயிர் மாதிரிப் பூசணம் பூத்திருந்தது. பாட்டில் வாயில் காய்ந்த எச்சில்.

டாக்டர் என் வீட்டுக்காரருக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "நான் ஒருத்தன் மட்டும் நாக்கைக் கட்டணுமா? வீட்ல யாருக்கும் சர்க்கரை கிடையாது" என்று சர்க்கரை டப்பாவையே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தவர் இவர். அன்றிலிருந்து நானும், வந்த நாளிலிருந்து தங்கையும் கசக்கக் கசக்க டீ குடிக்கிறோம். இந்த மனுஷன் தினமும் மீட்டருக்கு முன்னால் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, நேராக இங்கே பின்னறைக்கு வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பிப் போய் அவளிடம் பதினஞ்சு யூனிட் என்றிருக்கிறார். தூ!

டெஸ்டர் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். நான் எதையும் மூடவில்லை. பின்னறை வாசலில் நின்றவருக்கு முகம் வெளிறியது. ஆனால் வாய் வெளிறவில்லை.

"பூட்டை யாரு கழட்டச் சொன்னது?"

"புழு கூப்பிட்டுச்சு, போனேன்."

"டாக்டர்கிட்ட போய் உளறி வைக்காத" என்றார். அப்புறம் குரலை இறக்கினார். "சரி, விடு. தூக்கிப் போட்டுடலாம். உன் தங்கச்சியைப் போகச் சொன்னதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். உடனே மூஞ்சியத் தூக்காத."

"சும்மாவா?" என்றேன். "அடிபட்டு வந்தவளை அடிக்கறவன்கிட்டயே விடறேன்னு சொன்னது சும்மாவா? உங்க பக்கத்துல நிக்கவே அருவருப்பா இருக்கு. அவ எங்கயும் போக மாட்டா. போகணும்னா நீங்க போங்க, உங்க ஃபிரிட்ஜையும் தூக்கிக்கிட்டு."

அந்த நேரத்திலும் அவர் கண் கேக் டப்பாவின் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

தங்கையின் அறைக்குப் போனேன். பை தயாராக வாசலோரம் இருந்தது. வேர்த்து ஊற்ற, ஃபேன் போடாமல் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தது அவருடைய சட்டை. நான் ஃபேன் சுவிட்சின் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

"வேண்டாம்க்கா. சும்மாதானே உக்காந்திருக்கேன்."

பின்னறையில் கண்டதை அவள் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பையைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே வைத்தேன். "நீ எங்கயும் போக வேண்டாம்டி. கரண்டு உன்னால ஏறலைன்னு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னிக்கா தெரிஞ்சுச்சு?" என்றாள். "அன்னிக்கு நீ என் வாளியில விரலை விட்டுப் பாத்தியேக்கா. கதவுகிட்டதான் நின்னேன். தண்ணி சில்லுனு இருக்கறதப் பாத்துட்டா, இனிமே அக்கா மாமாகிட்ட சொல்லிடுவான்னு தினமும் காத்துட்டிருந்தேன்."

ஃபேன் காற்றில் அவள் இருமினாள். அந்த விரலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?