கண்ணாடித் தூசி

நிஷாவின் கழுத்து சிவந்தபோது எல்லோரும் வேர்க்குரு என்றுதான் சொன்னார்கள். சித்திரை வெயில், ஊரப்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட மாடி வீடு, இரண்டு வயதுக் குழந்தை. வேறென்ன சொல்வார்கள்? டாக்டர் பவுடரும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். கீழ்வீட்டு நாகலக்ஷ்மி அக்கா நுங்குத் தண்ணீரைத் தடவச் சொன்னாள். தடவினால் கொஞ்சம் அடங்கும். மறுநாள் பிள்ளை மறுபடி கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு அழும்.

பிரேமுக்கு அந்த அழுகையைக் கேட்டால் சோறு இறங்காது. அவன் கோவளத்தில் சவுரிமுத்துவின் பட்டறையில் பைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்பவன். பாறையில் மோதி விரிசல் விட்ட படகை மணலில் கவிழ்த்துப் போட்டு, விரிசலைச் சுற்றி கிரைண்டரால் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை ரெசின் பசையில் ஊற வைத்து அடுக்கடுக்காக ஒட்டுவான். காய்ந்த பிறகு மறுபடி தேய்த்து வழவழப்பாக்குவான். எங்கே உடைந்தது என்று படகுக்காரனே தேட வேண்டியிருக்கும். அப்படி ஒரு கை அவனுக்கு. முகத்துக்கு ஒரு துண்டு, அரிப்பெடுத்தால் தேங்காய் எண்ணெய். அவனுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் நிஷா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவன் தாடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

நடுவில் பழவேற்காட்டில் ஒரு வேலை வந்தது. பிரேம் அங்கேயே தங்கி முடித்துவிட்டு வந்தான். அவன் இல்லாத நாட்களில் குழந்தையின் கழுத்து பளிங்குபோல் ஆகியிருந்தது. அவன் வந்த மறுநாள் மறுபடி சிவந்தது.

அவன் மனைவி துர்கா தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தைக்கிறவள். துணியில் ஒரு இழை பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிரேம் கழற்றிப் போட்ட சட்டையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாள். தன் கறுப்பு துப்பட்டாவை வெயிலில் விரித்து, அதன் மேல் சட்டையை ஒரே ஒரு உதறு உதறினாள்.

"மாமா, இங்க வா."

"இன்னா?"

"பாரு."

கறுப்புத் துணி முழுக்கப் பொடிப்பொடியாக மினுங்கியது. மீன் செதில் மாதிரி பெரிதாகக்கூட இல்லை. வெயில் படாவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

"உன் சட்டையும் கொழந்த கவுனும் ஒரே பக்கெட்லதான் ஊற வெக்கிறேன். இது வேர்க்குரு இல்ல மாமா. நீ தேய்க்கிற கண்ணாடி, வூட்டுக்கு வந்துகினு கீது."

பிரேமுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இத்தினி வருசமா இதான் பண்ணிகினு கீறேன். எனுக்கு இன்னா ஆயிப்போச்சு?"

"காலைல எழுந்ததும் நீ இருமுறது உனக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது."

மறுநாள் சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தியதும் வழக்கம்போல் நிஷா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பிரேம் இரண்டடி பின்னால் நகர்ந்தான். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நின்ற இடத்திலேயே உதட்டைப் பிதுக்கினாள். குளித்துவிட்டு வந்து தூக்குவதற்குள் அழுதழுது தூங்கிப் போயிருந்தாள்.

"வேலைய வுட்டுறட்டா?" என்று கேட்டான்.

"எதுக்கு வுடணும்? உன்ன மாரி ஒட்றவன் அந்தக் கரையில எவன் கீறான்? தூசிய வுடு. வேலைய வெச்சுக்கோ."

அவள் சொன்னது அவனுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. மாவு மில்லில் மாவு ஒட்டாமல் வேலை செய் என்பது போல. ஆனால் துர்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே பட்டறைக்கு வந்தாள். சவுரிமுத்து ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நாலு பேர் தேய்த்தார்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் குழாயை எடுத்து ஒருவன் மேல் ஒருவன் காற்றடித்துத் தூசியை ஊதி விளையாடினார்கள். பட்டறை முழுக்க வெள்ளைப் புகை எழும்பியது.

"அண்ணா, காத்தடிச்சு ஊதுறாங்களே, அந்தத் தூசி எங்க போவுது?"

"அது போவும்மா, கடலுக்கு."

துர்கா டீ கிளாசை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். மேலே ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. "எங்கயும் போவலண்ணா. டீலயே கீது."

எல்லோரும் சிரித்தார்கள். சவுரிமுத்து மட்டும் தன் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் தையல் மிஷின் ஓயவில்லை. கம்பெனியில் குளிர் தேசத்துக்குப் போகும் ஜாக்கெட்டுகளின் மிச்சத் துணி வரும். காற்றுக்கூட நுழையாத நெருக்கமான நெசவு. அதை வாங்கிவந்து தலைமூடியோடு சேர்த்து ஒரே உடுப்பாக வெட்டினாள். மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் எலாஸ்டிக், ஜிப்புக்கு மேல் ஒரு மூடு பட்டி. ஊசி போட்ட ஓட்டை வழியாகவும் தூசி போகும் என்று ஒவ்வொரு தையலையும் இரட்டையாக மடித்து அடித்தாள். பிறகு ஒருநாள் லீவு போட்டு, பீச் ஸ்டேஷனுக்கு ரயிலேறிப் பாரிமுனையில் அலைந்து, இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி இரண்டும், கண்ணை இறுக்கி மூடும் கண்ணாடி இரண்டும் வாங்கி வந்தாள்.

அடுத்த ஞாயிறு பிரேம் தன் உடுப்பை மாட்டிக்கொண்டபோது பட்டறையே கூடிவிட்டது. பின்னாலேயே துர்காவும் அதே மாதிரி இன்னொன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே கறுப்புச் சுடிதார்.

"அண்ணி, நெலாவுக்கா கெளம்பிட்டீங்க?" என்றான் மகேஷ். பிரேமோடு வேலை செய்கிறவன், பட்டறையின் வாயாடி.

"போய்ட்டு வந்து சொல்றேன். வழிவுடு."

"துர்கா, நீ வெளிய நில்லு. நான் போட்டுகினு பாக்குறேன்ல?" என்றான் பிரேம்.

"தச்சது நானு. ஓட்ட இருந்தா மொதல்ல எனக்குத் தெரியணும்."

பிரேம் கிரைண்டரை ஓட்டினான். படகின் அடிவயிற்றிலிருந்து தூசி பீய்ச்சியடித்தது. தப்பான இடத்தில் நிற்கிறாள் என்று முதலில் நினைத்தான். இல்லை, தூசி எங்கே விழுகிறதோ சரியாக அங்கேதான் நின்றாள். நின்றதோடு விடவில்லை. குனிந்தாள், குந்தினாள், கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், படகுக்கு அடியில் அவன் எப்படி நுழைவானோ அப்படியே நுழைந்து வெளியே வந்தாள். தையல் எங்கே பிரியும், எங்கே வாய் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். சும்மா நிற்பவன் மேல் எந்தச் சட்டையும் பொருந்தும், வேலை செய்கிறவன் மேல் பொருந்துவதுதான் சட்டை என்று வீட்டில் அடிக்கடி சொல்வாள். வெளியே மணல் கொதித்தது. அந்த உடுப்புக்குள் என்ன வெக்கை என்று பிரேமுக்குத் தெரிந்தது. அவன்தான் முதலில் கிரைண்டரை நிறுத்தினான்.

ஈரத்துணியால் மேலெல்லாம் துடைத்த பிறகே உடுப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றி வந்து வெயிலில் நின்றபோது ஆற்றில் முங்கி எழுந்தவள் போலிருந்தாள். தலைமயிர் கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது. ஆனால் கறுப்புச் சுடிதார் கறுப்பாகவே இருந்தது. கழுத்தைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம்.

மகேஷ் கிட்டே வந்து அவள் தோளையும் முழங்கையையும் பார்த்தான். பிறகு தன் பனியனைப் பார்த்துக்கொண்டான். அது மாவு மூட்டை மாதிரி இருந்தது.

"கழுத்துல இன்னொரு மடிப்பு போடணும்," என்றாள் துர்கா. பிரேமின் முகமூடியைக் கையில் வாங்கி உள்பக்கம் விரலால் வழித்தாள். தாடை படும் இடத்தில் விரலில் வெள்ளையாக வந்தது. தன் முகமூடியை வழித்தாள். ஒன்றும் வரவில்லை.

"என்னுதுல மடிப்பு சரியில்ல. உன்னுதுல தாடி."

"தாடி இன்னா பண்ணுச்சு?"

"ரப்பர் தோல்ல ஒட்டணும் மாமா. மயிருல எப்படி ஒட்டும்? சந்து வுட்டுருக்கு."

பிரேம் தாடியைத் தடவிக்கொண்டான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அந்தத் தாடி இருந்தது. அது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "அத்தப் பாத்துத்தான் நான் சரின்னே சொன்னேன்," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா எடுத்துரு."

அன்றைக்கே எடுத்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் நிஷா அவனைப் பார்த்து வீல் என்று கத்தி, நாகலக்ஷ்மி அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அவன் குரல் கொடுக்கக் கொடுக்க ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினாள். பிறகு மெல்ல வந்து தாடையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "அப்பா எங்க?" என்று அவனிடமே கேட்டாள். துர்கா சிரித்த சிரிப்பில் கீழ்வீடு மேல்வீடு இரண்டும் அதிர்ந்தன.

அந்த வாரமே சவுரிமுத்து பட்டறையின் ஒரு மூலையைத் தார்ப்பாய் கட்டி மறைத்தார். தேய்ப்பு வேலையெல்லாம் அதற்குள், வெயில் ஏறும் முன். தரையில் நனைத்த சாக்கு. காற்றடிக்கும் குழாய்க்குப் பதில் தூசியை உறிஞ்சும் மிஷின். பின்பக்கம் குளிக்க ஒரு தடுப்பு. வேலை உடுப்பு பட்டறையைத் தாண்டக் கூடாது, அங்கேயே தனியாகத் துவைக்க வேண்டும். இதையெல்லாம் துர்கா ஒரு தடவைதான் சொன்னாள். மறுதடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தாடி வைத்தவனுக்கு உடுப்பு தைக்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு காலையில் நாலைந்து பேர் வரிசையாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து சலூன்காரர் பக்தவச்சலம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாபா, அல்லாருக்கும் ஒரே நாள்ல பொண்ணு பாக்குறாங்களா?"

"ஆமா," என்றான் மகேஷ். "பிரேம் வூட்டு அண்ணி எங்கள பாக்க வருது."

நிஷாவின் கழுத்து ஆறிவிட்டது. பிரேமின் இருமல் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பெரிதாக ஒன்றுமில்லை, இப்போதாவது மூடிக்கொண்டீர்களே என்றார். முதல் தடவையாக பிரேம் அதற்கு வாதாடவில்லை. வெளியே வந்ததும், "மூட வெச்சது எங்க வூட்டுக்காரம்மா," என்று யாரோ தெரியாத ஆளிடம் சொன்னான்.

ஒரு சாயங்காலம் குளித்து, சலவைச் சட்டை போட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது, துர்கா சவுரிமுத்துவின் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். தொப்பைக்குத் துணி போதாமல் இரண்டு துண்டை ஒட்டுப் போட்டிருந்தாள். ஒட்டு எங்கே என்று பிரேம் தேடிப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்கடி ஒட்டுன?"

அவள் நிமிராமலே, "அந்தப் பக்கம் பிடி, தொங்குது," என்றாள்.

பிரேம் நிஷாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.