அரை நொடி நின்ற பள்ளத்தாக்கு

சனிக்கிழமை மதியம் லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மாமியார் கம்ப்யூட்டருக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. அவருடைய இடது கை வலது கைக்குள் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வக்கீல் வாயை மூடுவதற்குள் காகிதம் வெளியே வந்துவிடும் என்று பெயர் வாங்கியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூளைக்குப் போகும் ரத்தம் எங்கோ அடைத்துக்கொண்டது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கால் ஆறு மாதத்தில் வழிக்கு வந்தது. கைதான் முரண்டு பிடித்தது. ஒரு டம்ளரைக் கொடுத்தால்கூடக் கீழே போட்டது.

"அந்தக் கைக்கு ஏதாவது வேலை குடுங்க. அவங்களுக்குப் பிடிச்ச வேலையா இருக்கட்டும்" என்றார் பிசியோதெரபிஸ்ட். மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி, விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் இடது கையால் பிடித்துத் திருப்புகிற ஜாய்ஸ்டிக் கைப்பிடியையும் வாங்கி வந்தாள். பத்து நாள் மேசைமேல் இருக்கும், பதினோராவது நாள் அலமாரிக்குப் போய்விடும் என்றுதான் மெக்கானிக் கணக்குப் போட்டான்.

கணக்குத் தப்பியது. குறுகலான மலைப் பள்ளத்தாக்குகள், நடுநடுவே வளையங்கள், அவற்றுக்குள் புகுந்து போக வேண்டிய ஒரு சின்ன விமானம். மாமியார் முதல் மாதம் முழுக்க மலையில் மோதினார். இரண்டாவது மாதம் மோதுவது குறைந்தது. பிறகு சனிக்கிழமை மாலைப் போட்டிகளில் 'இடக்கை' என்ற பெயரில் சேர்ந்தார். எந்தெந்த ஊரிலோ இருக்கிற நாற்பது பேரோடு பறந்து, முதல் ஐந்துக்குள் வர ஆரம்பித்தார். வீட்டில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை.

"என்ன அத்தை, இன்னிக்கு ஓட்டலையா? சாயங்காலம் போட்டி இருக்கே."

"இல்ல மாப்பிள்ளை. விட்டுட்டேன்."

அவன் கையைக் கழுவப் போனவன் திரும்பி வந்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கை மறுபடியும் இழுக்குது" என்றார் மெல்ல. "மூணு வாரமா. நல்லாப் போயிட்டே இருக்கும். திடீர்னு ஒரு வெட்டு. விமானம் குதிக்குது. அன்னிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, ஒரு வெட்டு வெட்டித்தான் விழுந்துச்சு. உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை அவளால ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாது."

மருத்துவரைக் கூப்பிடத்தான் மெக்கானிக் முதலில் போனை எடுத்தான். எடுத்தவன் ஒரு நிமிஷம் நின்றான். லிஃப்ட் குலுங்குகிறது என்று யாராவது சொன்னால், ஏறிப் பார்க்காமல் அவன் எந்த முடிவுக்கும் வந்ததில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க அத்தை. நான் பாத்துக்கறேன்."

அவர் தயங்கித் தயங்கி ஓட்டினார். மெக்கானிக் திரையைப் பார்க்கவில்லை, கையையே கண்கொட்டாமல் பார்த்தான். மூன்றாவது வளையம் தாண்டியதும் மாமியார் "இதோ" என்றார். விமானம் குதித்தது. ஆனால் அந்தக் கை குதிக்கவில்லை. தண்ணீரில் விட்ட துடுப்புபோல அது அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்து, இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் படம் எடுத்தான். அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான்.

"பாருங்க. இங்க படம் நின்னுடுச்சு. அரை நொடி. உங்க கை நிக்கல."

"என் மனசுக்காகச் சொல்றீங்க."

"நான் சொல்லல அத்தை. நீங்களே பாருங்க."

மாமியார் மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நீண்ட மூச்சு ஒன்று விட்டு, இடது கையை விரித்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப இது யாரோட வேலைன்னு கண்டுபிடிங்க" என்றார். பழைய நீதிமன்றக் குரல் திரும்பியிருந்தது.

மெக்கானிக் சாப்பாட்டை மறந்தான். வேலைத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, படம் நிற்கும் நேரங்களைக் குறித்தான். லிஃப்டாக இருந்தால் குலுக்கல் ஒரே மாடியில் வரும். இது எந்த வளையத்திலும் வந்தது. அடுத்ததாக, கம்ப்யூட்டருக்கு இணையம் கொண்டுவரும் வயரைப் பிடுங்கிவிட்டு, தனியாகப் பறக்கச் சொன்னான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது விமானம். வயரை மாட்டினான், வெட்டு வந்தது. பிடுங்கினான், போயிற்று.

"வயர் வழியாத்தான் வருது" என்றான்.

வீட்டு இணையத்தில் என்னென்ன தொங்குகிறது என்று இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு போன், டிவி, வாசல் கேமரா, துவைத்து முடித்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் வாஷிங் மெஷின், சமையலறையில் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், குரல் கொடுத்தால் எரியும் விளக்குகள் ஐந்து. பதினொன்று வந்தது. மாமியார் விரல் விட்டு எண்ணி அசந்துபோனார். "வீட்ல மூணு பேர்தான் இருக்கோம்னு நினைச்சிட்டிருந்தேன்."

ஒவ்வொன்றாக அணைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை பறந்து பார்த்தார்கள். டிவி இல்லை. கேமரா இல்லை. கடைசியில் பதினொன்றும் அணைந்து வீடே ஊமையாகிவிட்டது. அப்போதும் படம் நின்று நின்றுதான் போனது.

மெக்கானிக்குக்கு மேலே வழி தெரியவில்லை. அவன் கம்பெனியில் லிஃப்டின் மூளைப் பலகையைத் திறந்து அதோடு பேசத் தெரிந்த ஒரே பெண்ணை எல்லாரும் போர்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் போன் போட்டான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் அணைச்சது சரிண்ணே. அந்தக் கம்ப்யூட்டர் யார் யாரை ஞாபகம் வெச்சிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள்.

எங்கே பார்ப்பது என்று அவள் சொல்லச் சொல்ல இவன் திறந்தான். கம்ப்யூட்டர் இதுவரை அந்த வீட்டில் சந்தித்த கருவிகளின் பட்டியல் வந்தது. முதல் வரி சமையலறை ஸ்பீக்கர், பக்கத்தில் நீளமாக ஓர் எண். இரண்டாவது வரியும் சமையலறை ஸ்பீக்கர், எண் மட்டும் வேறு. மூன்றாவதும் அதுவே. அவன் பட்டியலைக் கீழே தள்ளினான். ஸ்பீக்கர், ஸ்பீக்கர், ஸ்பீக்கர். விரலை எடுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தான். மழைபோல வரிகள் ஓடின. பட்டியலோடு சேர்ந்து இறங்க வேண்டிய ஓரத்துக் குமிழ் மேலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"மொத்தம் எத்தனைன்னு அடியில இருக்கும்ணே."

இருந்தது. அவன் வாய்விட்டுப் படித்தபோது குரல் தானாகவே தணிந்தது. "பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

மறுமுனையில் போர்டம்மா அந்த எண்ணை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். இந்தக் கருவிகள் எல்லாம் அவ்வப்போது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கும். காதுக்குக் கேட்காத குரல். ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடும். இந்த ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு. ஒவ்வொரு முறையும் தனக்குப் புது எண் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறது. கம்ப்யூட்டர் பாவம், வந்திருப்பது புது விருந்தாளி என்று நம்பி எழுதிக்கொள்கிறது. வயரில் உயிர் இருக்கும்வரை, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அத்தனை பேரையும் அடிக்கடி திருப்பிப் பார்க்கிறது. ஸ்பீக்கரை இன்றைக்கு அணைத்து என்ன பயன்? எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ஆயிரம் பேர் இருந்தவரை கண்ணுக்குத் தெரியவில்லை. பதினோராயிரத்தைப் புரட்டும்போது படம் நிற்கிறது.

மெக்கானிக் ஸ்பீக்கர் வாங்கி எத்தனை நாள் என்று யோசித்தான். ஏழு மாதம். ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு பெயர். அவர்கள் தூங்கியபோதும், சண்டை போட்டபோதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனபோதும், சமையலறை மூலையில் அது ஒரு புதுப் பெயரைச் சொல்லியிருக்கிறது. இந்த அறையில் கம்ப்யூட்டர் அதை அலுக்காமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாளும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் நடமாடியிருக்கிறான். நின்ற இடத்திலேயே திரும்பி, வெறும் காற்றாகத் தெரிந்த கூடத்தை ஒரு முறை பார்த்தான்.

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய், உள்ளங்கை அகலமே இருந்த அந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கோபம் இல்லை. அதிசயமாகத்தான் பார்த்தார்.

"முப்பது வருஷத்துல எத்தனையோ பொய்சாட்சி பாத்திருக்கேன். நாலு பொய்ப் பேரு சொல்றதுக்குள்ள நாக்கு குழறிடும் அவனுங்களுக்கு. இது பதினோராயிரம் பேரு சொல்லியிருக்கு, ஒண்ணுகூடத் திரும்பி வரல."

பட்டியலுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அழிக்கச் சொன்னாள் போர்டம்மா. ஸ்பீக்கரை இணையத்திலிருந்து விலக்கினார்கள். அழிக்கத் தொடங்கியதும் அடியில் இருந்த மொத்த எண் ஒவ்வொன்றாக இறங்கியது. முடிய ஒரு மணி நேரம் ஆகும் போலிருந்தது. மெக்கானிக் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, போனில் எடுத்த படத்தைச் சும்மா மறுபடி ஓடவிட்டான்.

பாதிக் கவளத்தில் அவன் கை நின்றது.

படம் நின்ற இடம் பள்ளத்தாக்கின் ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் திரை உறைகிறது. உறைந்த திரையில் எதிரே பாறை மட்டும்தான் இருக்கிறது. அந்த அரை நொடியில் மாமியாரின் கை இடப்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் மேலே இழுத்து, மறுபடி நேராகிறது. திரை உயிர் பெறும்போது விமானம் வளைவைத் தாண்டி, அடுத்த வளையத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அடுத்த வெட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒன்றுமே தெரியாத நேரத்தில் அந்தக் கை சரியாகத் திருப்பியிருக்கிறது. மூன்று வாரமாகத் திருப்பியிருக்கிறது. ஒரு டம்ளரைத் தாங்காத கை.

"அத்தை" என்றான். "படம் நின்னப்ப எப்படித் திருப்பினீங்க?"

"படம் நின்னா என்ன? மலை எங்க போயிடப் போகுது?" என்றார் அவர் சாதாரணமாக. "என்ஜின் சத்தம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. வக்கீல் வாக்கியத்துக்கு நடுவுல இருமினா நான் அடிக்கறதை நிறுத்தினதே இல்ல. அடுத்த வார்த்தை என்னன்னு கைக்குத் தெரியும்."

"இந்தக் கைக்கா?"

மாமியார் இடது கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் அடித்தவை இரண்டு கைகளும். அதில் ஒன்று எல்லாவற்றையும் தொலைத்துவிட்டது என்றுதான் அவரும் இத்தனை நாள் நம்பியிருந்தார். விரல்களை மடக்கினார், விரித்தார்.

பட்டியல் காலியானதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். மாமியார் பறந்தார். முதல் வளைவிலேயே மலையில் மோதினார். வெட்டு வரும் என்று காத்திருந்து முன்கூட்டியே திருப்பிவிட்டிருக்கிறார்.

"கெடுத்து வெச்சிருக்கு என்னை" என்று சிரித்தார்.

இரண்டாவது முறை விமானம் பள்ளத்தாக்குக்குள் இறங்கியபோது மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டான். பாறைச் சுவர்கள் இரு பக்கமும் பறந்தன. அடியில் ஆறு வெள்ளிக் கம்பியாக நெளிந்தது. எந்த இடத்திலும் எதுவும் நிற்கவில்லை. இத்தனை மாதமாக அந்தப் பள்ளத்தாக்கை இந்த அறையில் பார்த்தவன்தான். அது இவ்வளவு ஆழம் என்று அன்றுதான் தெரிந்தது.

நாலரை மணிக்கு மனைவி வேலையிலிருந்து வந்தாள். வந்ததும், "வாசல் கேமரா ஏன் அணைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். மெக்கானிக் மாமியாரைப் பார்த்தான்.

"வந்து உக்காரு. நானே சொல்றேன்" என்றார் மாமியார். மூன்று வாரத்துப் பயத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். மகளின் முகம் வெளுத்தது. "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். மெஷினா இருந்தாலும் சரி, போறோம்" என்றாள். தாயார் மறுக்கவில்லை. திங்கட்கிழமை போனார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று மகள் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். விமானத்தைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. திரை உறைந்த நேரத்தில் தனியாக நகர்ந்துகொண்டிருந்த அம்மாவின் கையை மட்டும் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். கம்ப்யூட்டரில் மாலைப் போட்டி தொடங்குவதற்கான மணி அடித்தது. மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.