படங்கள் வந்துகொண்டிருந்தன

கும்மிடிப்பூண்டி ரசாயனக் கம்பெனியின் கேன்டீனில் பானு சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தீனா முந்தின நாள் விடியலில் கூட்டாளி திருமலையோடு பழவேற்காட்டு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனவன். மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. படகு திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. தேடப் போனவர்களிடமிருந்தும் தகவல் இல்லை. கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

இருவர் போனிலும் ஒரு ஆப் இருந்தது. கூட பேக்கிங் செய்யும் ஸ்நேகா போட்டுக்கொடுத்தது. தீனா எடுக்கும் படம், சிக்னல் கிடைத்ததும் தானாகவே பானுவின் போனுக்கு வந்து சேரும்.

"டப்பு கேக்க மாட்டாங்களா?" என்று அதைப் போட்ட அன்றைக்குப் பானு கேட்டாள்.

"எங்கியோ யார் யாரோ சேந்து இந்த ஆப்ப எழுதி சும்மா குடுத்துக்கிறாங்கக்கா. உள்ள இன்னா எழுதிக்கிதுன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம்."

அந்த யார் யாரோவைப் பானு அடிக்கடி நினைத்துக்கொள்வாள். பெயர் தெரியாத ஊர்களில், பனி விழும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருவர், மழைச் சத்தத்தில் இன்னொருவர். அவர்களுக்குத் தீனாவைத் தெரியாது. ஆனாலும் தண்ணீரிலிருந்து அவளிடம் வர ஒரு பாதை போட்டு வைத்திருந்தார்கள்.

தட்டுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. ஒரு படம். பிறகு இன்னொன்று. ஈர வலை. வாய் பிளந்து தூங்கும் திருமலை. ஒன்றுமே இல்லாத கடல். கேன்டீன் இரைச்சல் எங்கோ விலகிப் போயிற்று. உட்கார்ந்திருந்த பெஞ்சு மெல்ல ஏறி இறங்குவது போலிருந்தது.

"ஸ்நேகா, இங்க பாரேன். அவரு போன்லர்ந்து வந்துக்கினே கீது!"

ஸ்நேகா வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் நேத்து எடுத்ததுக்கா. ஆனா போனு இப்பதான் டவர் கிட்ட வந்துகீது."

"போனு வந்தா ஆளும் வந்துட்டாருன்னு அர்த்தமா?"

ஸ்நேகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பானு தீனாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தாள்.

இன்னொரு படம் வரத் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி நகர்ந்தது. திறந்தாள். அதிலிருந்த நேரப்படி, இன்றைக்கு, கொஞ்ச நேரத்துக்கு முன் எடுத்தது. முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் மணல். தண்ணீர்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆட்களின் குட்டையான நிழல்கள். ஒன்று கையை உயர்த்தியிருந்தது. அதற்கப்பால், வெயிலில் கரைந்துபோகிற மாதிரி, பழவேற்காட்டு ஏரியின் பூநாரைக் கூட்டம். ஒரு பறவை மட்டும் காலைத் தூக்கி, இன்னும் கீழே வைக்காமல் நின்றது.