பூப்போட்டுக் கேட்டது

கொட்டை உடைக்கிற கையால் வார்த்தை எழுதிய அட்டையைத் தொடக் கூடாது என்பது கார்முகிலின் கண்டிப்பு. தொட்டால் முந்திரித்தோல் எண்ணெய் அப்பிக்கொள்ளும், அப்புறம் எழுத்தே தெரியாது. அதனால் அவளே அட்டையைத் தூக்கி, தமிழ் எழுதிய பக்கத்தை அம்மா அழகியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் கண்ணை மூடிக்கொள்வாள். அழகி கட்டையால் கொட்டையை ஒரு தட்டு தட்டிவிட்டு வாசிப்பாள். "விடாப்பிடியான." மகள் மறுபக்கத்தில் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, அதை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். சொன்னது சரியா தப்பா என்று அழகிக்கு எப்படித் தெரியும்? தெரியுமே! சரியென்றால் மகள் பட்டென்று சொல்லிவிடுவாள். சந்தேகம் என்றால் கடைசி எழுத்தில் குரல் இறங்கும். "இழுக்குற பாரு, தப்பு. மறுபடி சொல்லு" என்பாள் அழகி. அட்டையைத் திருப்பினால் தப்பாகத்தான் இருக்கும். "ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எவன்ம்மா சொன்னான்?" என்று மகள் சிரிப்பாள்.

ஐதராபாத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அங்கே இங்கிலீஷ் படிக்க ஒரு நுழைவுத்தேர்வு. ஆலங்குடியில் பிளஸ் டூ சொல்லிக்கொடுத்த ரம்யா டீச்சர்தான் விண்ணப்பம் போட வைத்தது. அந்தப் பரீட்சையில் வருகிற வார்த்தைகள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மருந்துக்கும் இல்லாதவை. அழகிக்கு அந்த அட்டைகளின் மேல் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. "சொல்லில் அடங்காத" என்று ஒருநாள் வாசித்துவிட்டுக் கட்டையைக் கீழே வைத்தாள். "ஏன்டி, சொல்லுல அடங்காததுக்கும் அவன் ஒரு சொல்லு வச்சிருக்கானா?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா நாகராசு விராலிமலைக் கம்பெனி ஒன்றுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். "பாஸானா அனுப்புறேன். இல்லேன்னா என் வண்டியிலயே ஏறி வேலைக்கு வரட்டும். அடுத்த வருசம் பாக்கலாம்ங்குற கதையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இருப்பது ஒரே ஒரு பரீட்சை.

அந்தப் பயத்தில்தான் அழகி நேர்ந்துகொண்டாள். வைகாசித் திருவிழாவுக்கு ஊர் கூடியபோது மாரியம்மன் முன்னால் நின்று, "ஆத்தா, எம்மக இந்தப் பரீட்சைய நல்லா எழுதணும். அவ கையாலயே பால்குடம் எடுக்க வைக்கிறேன்" என்றாள். காப்புக் கட்டுகிற அன்று மஞ்சள் துண்டு கோத்த நூலைப் பூசாரி வீரய்யா கார்முகிலின் மணிக்கட்டில் கட்டினார். காப்புக் கட்டிய கை பால் ஊற்றி முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டுக்கு ஆகாது. பரீட்சைக்கு இவர்கள் கேட்டிருந்தது திருச்சி, நாள் இன்னும் தெரியவில்லை. போன தடவை பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பரீட்சை திருவிழா முடிந்த பிறகுதான் வந்தது. அதை நம்பி இருந்தார்கள், பாவம்.

ஹால் டிக்கெட் போனில் வந்தது. இடம் கோயம்புத்தூர். நாள், பால்குடம் எடுக்கிற அதே நாள். காலையில் முதல் பரீட்சை.

"அய்யோ!" என்று அழகி தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் கலங்கவில்லை. "காப்பக் கழட்டி வச்சிட்டுப் போயிருவோம்மா. வந்து ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

"பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"கேக்காத. கேட்டு இல்லேன்னுட்டா என்ன செய்வ?"

"அவ எப்படி இல்லேம்பா? இந்தப் பரீட்சைக்குத்தானடி அவளுக்கே நேந்தது!"

அப்படித்தான் அழகி நம்பினாள். அந்த நம்பிக்கையில் துளி கலப்படம் இல்லை. மகள் நிம்மதியாகப் போகட்டும், பஸ்ஸில் ஏறும்போதும் பேனாவைத் திறக்கும்போதும் மனசில் ஒரு உறுத்தல் இருக்கக் கூடாது என்று நினைத்தாள். அம்மன் வாயால் சரி என்று ஒரு சொல் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும். நேராகக் கோயிலுக்குப் போய் வீரய்யாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

வீரய்யா தயங்கினார். "பூப்போட்டுத்தான் பாக்கணும். வேற வழி எனக்குத் தெரியல" என்றார். வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்பு அரளி ஒரு இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். வெள்ளை வந்தால் போகலாம். யாருடைய குழந்தையோ, இப்போதுதான் நடக்கப் பழகியது, அதைத் தூக்கி வந்து இறக்கிவிட்டார்கள். அது இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. பிடுங்கிப் பிரித்தார்கள். அரளி!

கூட்டம் கலையாமல் நின்றது. வீரய்யா அழகியைத் தனியாக அங்கிட்டுக் கூப்பிட்டார்.

"நீ கேக்காம கூட்டிட்டுப் போயிருந்தா நான் பாக்காத மாதிரி இருந்திருப்பேன் தாயி. எத்தன பேரு அப்படிப் போயிட்டு வாரான். கேட்டுப்புட்டியே."

"மறுக்கா ஒருதடவ போட்டுப் பாருங்க மாமா."

"அது ஆத்தாவ வெளையாட்டுக்குக் கூப்புடுற மாதிரி."

அழகி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாகராசு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாமி சொன்னதுக்கு மேல நாம யாரு" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை அழகி கண்டுகொண்டாள். கட்டின நாளிலிருந்து அவர் மேல் வராத ஆத்திரம் அன்றைக்கு வந்தது. ஆனால் அவரை என்ன சொல்ல? பூவைக் கேட்டது அவரா?

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு பையில் மகளின் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "எந்திரி. புதுக்கோட்டை பஸ்ஸு இருக்கு. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், வா போவோம்."

கார்முகில் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து பையை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

"முந்தியே போயிருந்தா போயிருப்பேம்மா. இப்ப ஊருக்கே தெரியும். நாளைக்கு அப்பா வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் என்னாலதான்னு சொல்லுவாங்க. அதக்கூடத் தாங்கிக்குவேன். ஆனா நானும் அப்படித்தான நெனப்பேன்?"

அழகி அப்படியே உட்கார்ந்து அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அது அழகிக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் ஊருணியில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கார்முகில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். மேளம் முன்னால் போனது. தார் ரோடு இன்னும் சுடவில்லை என்றாலும் பெண்கள் வாசலுக்கு வாசல் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அழகி பக்கத்திலேயே நடந்தாள். மகள் ஒரு துளி சிந்தவில்லை. கடமைக்கு எடுக்கிறவள் மாதிரி இல்லை, அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தாள். "ஓம் மக முகத்துல என்ன ஒரு களை!" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. அழகி தலையாட்டினாள். ஊர்வலம் கோயிலைத் தொடும்போது வெயில் ஏறிவிட்டது. கோயம்புத்தூரில் பரீட்சை ஹால் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. வீரய்யாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு குடத்தையும் வாங்கும்போது கேட்டார், "பேரு? என்ன வேண்டுதல்?" பிள்ளை வரம் என்றார்கள், கால்வலி என்றார்கள், சிங்கப்பூர் விசா என்றார்கள். அம்மனிடம் அதைச் சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினார். அந்தப் பழக்கத்திலேயே, நிமிர்ந்து பார்க்காமல், கார்முகிலிடமும் கேட்டுவிட்டார்.

"கார்முகில்" என்றாள்.

"வேண்டுதல்?"

அவள் குடத்தை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லாத, தூங்கி எழுந்த மாதிரியான முகம். "நேந்தது எங்கம்மாதான். அவங்களக் கேளுங்க."

வீரய்யா அப்போதுதான் நிமிர்ந்து, யாரென்று பார்த்தார். எல்லோரும் அழகியைப் பார்த்தார்கள். நல்லா எழுதணும் என்பதைத் தவிர அவளிடம் வேறு வேண்டுதல் இல்லை. வேறு எதையாவது கேட்டு வைக்கலாம், கல்யாணம், வேலை, என்னமாவது. அவள் மகள் கையிலிருந்த குடத்தையே பார்த்தாள். பின்னால் யாரோ, "வெயிலு ஏறுதுல்ல, ஊத்துங்கப்பா" என்றார்கள்.

வீரய்யா குடத்தை வாங்கி, அம்மனிடம் வேண்டுதல் எதுவும் சொல்லாமலே சாய்த்தார். பால் அம்மன் தலையிலிருந்து இறங்கி, கருங்கல் தரையில் பரவி, முன்னால் ஊற்றினவர்களின் பாலோடு சேர்ந்து சுவரடி ஓட்டை வழியாக வெளியே போனது. அங்கே அதைப் பிரசாதமாகப் பிடிக்கப் பெண்கள் சொம்போடு முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அழகி வெளியே வந்து அவர்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்று, விழுகிற பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.