நாய் வளைவு

மூடுபனிக்குள் இரண்டு குரல்கள் இருந்தன. ஆட்கள் இல்லை. காபிச் செடிகளுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, ஈரமாக இரண்டு குரல்கள் மட்டும்.

"பொண்டாட்டி கார்ல எறங்குனான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"எழுதுனேன். அதுக்கென்ன இப்போ?"

"நான் சைக்கிள்ல எறங்குனேன். அன்னிக்கு நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. பாக்கவே இல்ல."

"பாக்கணும்னு என்ன இருக்குது? ஒரு பொம்பளை அந்த வேகத்துல எறங்க முடியாது. என்னையவிடப் பதினோரு செகண்டு கொறச்சலாமே. யாரு நம்புவா?"

பனி கொஞ்சம் நகர்ந்தது. முதலில் இரண்டு ஹெல்மெட்டுகள் தெரிந்தன. பிறகு இரண்டு சைக்கிள்கள். கடைசியாகத்தான் மனிதர்கள். வசுமதி, பூபதி. ஆசிரியர் காலனி மூன்றாவது குறுக்குத் தெரு, மாடியில் கொடியெல்லாம் இறுக்கமான கறுப்பு அரைக்கால் சட்டையாகக் காயும் வீடு.

அந்தக் கொடியை நாங்கள் ஆறு வருஷமாகப் பார்த்துவருகிறோம். எதிர்வீட்டுப் பிலோமினா டீச்சர் ஜன்னல் திரையை மாற்றியதே அந்தக் கொடி தெரியட்டும் என்றுதான். டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். திரை மட்டும் ஒப்புக்கொள்கிறது, காற்றடிக்கும்போதெல்லாம்.

*

வசுமதிக்குத் தபால் ஆபீஸில் வேலை. பூபதிக்கு டைல்ஸ் கடை. திங்கள் முதல் சனி வரை அவள் முத்திரை குத்துவாள், அவர் தரைக்கு வழுவழுப்பு விற்பார். ஞாயிறு வந்தால் இருவரும் மலை ஏறுவார்கள்.

ஏறுவது பூபதிக்குப் பிடிக்கும். எல்லாரும் பார்ப்பார்களே. இறங்குவது வசுமதிக்குப் பிடிக்கும். இறங்கும்போது யாராலும் பார்க்க முடியாது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி, காபித் தோட்டத்துச் செம்மண்ணில் குலுங்கி, பின்பக்கமாகக் குப்பனூருக்கு இறங்குகிற பாதை. அதில் சாலை ஒரே சாலையாக இருக்காது. கொஞ்ச தூரம் சிமென்ட். கொஞ்ச தூரம் பெயர்ந்த தார். ஓரிடத்தில் வெறும் மண். திடீரென்று ஒரு கிலோமீட்டருக்குப் புதுத் தார், எண்ணெய் தடவிய தலைமுடி மாதிரி.

சிமென்டில் சக்கரம் கீச்சென்று பாடும். பெயர்ந்த தாரில் பல் கிட்டும். மண்ணில் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். புதுத் தாரில் காற்று மட்டும் இருக்கும். காற்றுக்குள் அவள் இருப்பாள். உடம்பு இருக்காது, பெயர் இருக்காது, மாமியார் வீடு இருக்காது.

இவர்களுடைய சைக்கிள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் கை காட்ட வேண்டும். பள்ளம் வந்தால் விரலைக் கீழே நீட்ட வேண்டும். சரளை கிடந்தால் உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். பின்னால் வருகிறவருக்குச் சாலை கிடையாது. முன்னால் போகிறவரின் முதுகும் கையும்தான் அவருக்குச் சாலை.

ஆறு வருஷமாக முன்னால் போனது பூபதி. ஆறு வருஷமாக வசுமதிக்குச் சாலை, பூபதியின் இடது கை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் கை ஒருநாளும் தவறியதில்லை. வாயால் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். கையால் சொன்னதில்லை.

*

வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அந்தப் பனி நாளுக்கு முந்தின மாதம், கூட்டத்துத் தலைவர் கதிரேசன் சார் வீட்டு மொட்டைமாடியில் பொங்கலும் வடையும். இருபது பேர். யாரோ வசுமதியின் இறக்கத்தைப் பாராட்டப்போக, பூபதி வடையைப் பிட்டுக்கொண்டே விளக்கம் கொடுத்தார். கனமான பொருள் சரிவில் வேகமாகப் போகுமாம். திறமை என்று எதுவும் இல்லையாம். "அவ எறங்கறதில்லங்க, அவ வெயிட்டு அவளை இழுத்துட்டுப் போவுது."

இருபது பேரும் சிரித்தார்கள். வசுமதியும் சிரித்தாள். கையிலிருந்த இரண்டாவது வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

பிறகுதான் அந்தக் கல்யாண ஞாயிறு. பூபதி இல்லாமல் அவள் தனியாக இறங்கினாள். முன்னால் முதுகு இல்லை. சாலை முழுசாக, முதல்முறையாக, அவளுடையதாக இருந்தது. யார் எங்கே எத்தனை வேகம் என்று கணக்கு வைக்கும் செல்போன் செயலியில் அவள் பெயர் பூபதியின் பெயருக்கு மேலே ஏறி உட்கார்ந்தது.

மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் காணோம். வாகனத்தில் ஏற்றி இறக்கிய வேகம் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். யாரோ. சனிக்கிழமை பூபதி குளிக்கப் போனபோது அவருடைய போனில் 'உங்கள் புகார் ஏற்கப்பட்டது' என்று ஒரு கடிதம் மினுங்கியது. யாரோ என்பது யார் என்று தெரிந்துபோயிற்று.

*

ஆக, அந்தப் பனி. அந்தக் குரல்கள்.

"இன்னிக்கு நான் முன்னாடி போறேன். பின்னாடி வந்து பாருங்க. காரா, சைக்கிளான்னு."

பூபதி ஹெல்மெட் வாரை இறுக்கினார். சிரித்தார். போ என்றார். வெயிட்டு வழி காட்டட்டும் என்றார்.

கதிரேசன் சாரும் மற்றவர்களும் மேலே டீக்கடையில் இருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புவார்கள். ஐப்பசி. இரவெல்லாம் பெய்த மழை, விடிந்தபிறகு யோசித்துக்கொண்டு நின்றிருந்தது.

வசுமதி இறங்கினாள்.

சிமென்ட். கீச்சென்ற பாட்டு. ஒரு பள்ளம், விரல் கீழே. இன்னொரு பள்ளம், விரல் கீழே. பின்னால் பூபதியின் சக்கரம் இரண்டு சைக்கிள் நீளத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பெயர்ந்த தார். கல். விரல் கீழே. நல்ல பெண்ணாகத்தான் இறங்கினாள், அதையும் சொல்லிவிடுகிறோம்.

மண். எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "இவ்வளவுதானா?"

புதுத் தார்.

அவள் பிரேக்கை விட்டாள். முதுகைத் தாழ்த்தினாள். காற்று முதலில் காதில் பேசியது, பிறகு கத்தியது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்துமூன்று. மரங்கள் பச்சைக் கோடாயின. வலதுபக்கம் பள்ளத்தாக்கில் வெயில் ஒரு துண்டு விழுந்து கிடந்தது.

பின்னால் பூபதியின் மூச்சு கேட்டது. விடக் கூடாது என்கிற மூச்சு. விட்டால் அந்தப் பதினோரு செகண்டு உண்மையாகிவிடும்.

வளைவு. இடதுபக்கம் திரும்பும் வளைவு. அதன் நடுவில், மழை மலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய சரளை. ஒரு பாய் விரித்த அகலத்துக்கு. ஈரமாக, மினுமினுத்து.

பார்த்தாள்.

நேரம் இருந்தது. நிறைய இல்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து ஒருமுறை ஆட்டும் அளவுக்கு இருந்தது. வாயைத் திறந்து 'சரளை' என்று மூன்று எழுத்துச் சொல்லும் அளவுக்கு இருந்தது.

கை எழவில்லை. அந்த வேகத்தில் கையை எடுத்தால் தானே விழுவோம் என்பது ஒரு காரணம். நல்ல காரணம். எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளும். வாயை ஏன் திறக்கவில்லை என்பதற்குத்தான் காரணம் இல்லை.

சைக்கிளை நிமிர்த்தினாள். பிரேக்கைத் தொடவில்லை. சரளையின் மேல் நேராக, மிதந்து போனாள். சக்கரத்தடியில் கற்கள் நகர்ந்தன, யாரோ நாற்காலியை இழுப்பதுபோல. பிறகு மறுபடி தார்.

பின்னால் சத்தம் கேட்டது. முதலில் உலோகம். பிறகு உலோகம் இல்லாத ஒன்று.

அவள் நிற்கவில்லை.

அடுத்த வளைவு. அடுத்தது. அதற்கடுத்தது. பனி விலகி, மலை முடிந்து, குப்பனூர்ச் சமவெளி தட்டில் வைத்ததுபோல் தெரிந்தது. கடைசி வளைவு வரை இறங்கினாள். இத்தனை வேகமாக அவள் என்றுமே இறங்கியதில்லை.

கீழே டீ வாங்கினாள். பாதி குடித்தபோது போன் அடித்தது. "பூபதி விழுந்துட்டாரும்மா" என்றார் கதிரேசன் சார்.

"எங்கே?" என்று கேட்டாள் வசுமதி.

*

இடதுதோள் காறை எலும்பு இரண்டு இடத்தில். இடுப்பில் ஒரு விரிசல். முன்பல் இரண்டு. பிளேட் வைத்தார்கள், பல் வைத்தார்கள், மானத்துக்கு எதையும் வைக்க முடியவில்லை. அதை அவரே வைத்துக்கொண்டார்.

எப்படி விழுந்தீர்கள் என்று கதிரேசன் சார் கேட்டார். பூபதி கண்ணை மூடித் திறந்தார். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார்.

சரளை என்றால், அதைத் தாண்டி மனைவி போயிருக்கிறாள், இவர் போகவில்லை என்றாகும். கை காட்டவில்லை என்றால், முன்னால் போனது அவள் என்றாகும். நாய் என்றால் எந்த வம்பும் இல்லை. நாய் யாரையும் ஜெயிப்பதில்லை.

எல்லாரும் போனபிறகு அறையில் இருவர் மட்டும். ஜன்னலில் மழை. பூபதி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாத்தேல்ல?"

"பாத்தேன்."

அவ்வளவுதான். நர்ஸ் வந்து சொட்டு மருந்தின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

*

வீட்டுக்கு வந்தார். தெரு மொத்தமும் பார்க்கப் போனது. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், அறிவுரை.

வந்தவர்கள் எல்லாரும் நாயைக் கேட்டார்கள். பூபதி பாதி சொல்வார். பிறகு தலையைத் திருப்பி, ரொம்ப அன்பாக, "என்ன கலரு வசு அது?" என்பார்.

முதல்நாள் அவள் ஆரஞ்சு உரித்தாள். பூபதி காத்திருந்தார். விருந்தாளிகளும் காத்திருந்தார்கள். "செவலைங்க" என்றாள்.

மறுநாள் வாலைக் கேட்டார். வெள்ளை வால் என்றாள். அதற்கடுத்த வாரம் காதைக் கேட்டார். ஒரு காது மடங்கியிருந்தது என்றாள். மலையில் மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. நாய் வளர்ந்துகொண்டே போனது.

அவர் முதுகைத் துடைத்தாள். சோறு ஊட்டினாள். இடது கையைப் பிடித்து, சுவரில் விரல்நடையாக மேலே ஏற்றினாள், ஒருநாளைக்கு ஐம்பது தடவை. தோளுக்கு மேல் அந்தக் கை எழ மறுத்தது. ஒருநாளும் அவர் திட்டவில்லை. ஒருநாளும் குத்திப் பேசவில்லை. யாராவது வந்தால் மட்டும், "நாய்தானே வசு?"

"ஆமாங்க. நாய்."

எத்தனை நல்ல புருஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அடிபட்டும் எப்படி மென்மையாகிவிட்டார் பாருங்கள் என்றார் பிலோமினா டீச்சர். எங்களுக்கு அந்த நாயைப் பிடித்துப்போயிருந்தது.

*

எட்டு மாதம் ஆயிற்று. ஆனி மாதக் காற்று. கதிரேசன் சார் வீட்டில் மறுபடி மொட்டைமாடி, மறுபடி பொங்கல். இந்தத் தடவை எங்கள் தெருவுக்கும் அழைப்பு. பூபதி கைத்தடி இல்லாமல் படியேறி வந்ததற்காக ஒரு மாலை.

மாலை போட்ட கையோடு யாரோ நாயைக் கேட்டார்கள். பூபதி திரும்பினார். "சொல்லு வசு."

வசுமதி தட்டைக் கீழே வைத்தாள்.

"நாய் இல்லைங்க. சரளை. நான்தான் முன்னாடி போனேன். பாத்தேன். கை காட்டல. சத்தம் கேட்டுது, நிக்கவும் இல்ல."

காற்று மட்டும் அடித்தது. மூலையில் அடுக்கியிருந்த வாழையிலைகள் ஒன்றொன்றாகத் திரும்பிப் படுத்தன.

பூபதி எழுந்தார். இடது கையை முடிந்தவரை உயர்த்தினார். அவள் தலைக்கு அது எட்டவில்லை. தோளில் வைத்தார்.

"பாவம். அன்னியிலேர்ந்து இப்படித்தாங்க. தன்னாலதான்னு நெனச்சு நெனச்சு, மனசு ஒடஞ்சுபோச்சு."

எங்கள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டோம். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி நல்ல டாக்டர் பெயர் சொன்னாள். அழும்மா, அழுதிடு என்றோம். அவள் அழவில்லை. அதையும் நோய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

செயலி எல்லார் பையிலும் இருந்தது. அந்த ஞாயிறும் அதில் இருந்தது. வசுமதியின் கோடு எங்கும் நிற்காமல் குப்பனூர் வரை ஓடியிருந்தது, யாரும் தொடாத நேரம் ஒன்றை எழுதிக்கொண்டு. ஒருவராவது திறந்து பார்த்திருக்கலாம். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

*

ஆடி பிறப்பதற்குள் அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினம் போய்விட்டாள். சைக்கிளை லாரியில் ஏற்றும்போது பூபதி வாசலில் நின்று வழியனுப்பினார். அடுத்த வருஷம் பேசிப் பிரிந்துகொண்டார்கள்.

அதற்கடுத்த தை மாதம் பூபதி ஜெயசுதாவைக் கட்டிக்கொண்டார். தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண். நல்ல பெண். நாய்க்கு அடிபட்டதா என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். கல்யாணச் சாப்பாட்டில் குறை ஒன்றுமில்லை, ரசம் மட்டும் சுமார். சைக்கிளை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

குப்பனூர் இறக்கத்தில் அந்த இடத்துக்கு இப்போது நாய் வளைவு என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள்கூட அங்கே வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவருக்குக் கை காட்டுகிறார்கள். செவலை, வெள்ளை வால், ஒரு காது மடங்கியிருக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன மாதம் பிலோமினா டீச்சர் வேளாங்கண்ணி போனவர், வசுமதியைப் பார்த்ததாகச் சொன்னார். கடற்கரைச் சீமை, எங்கு பார்த்தாலும் சமதரை. மேடு என்று இருப்பதே ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் ஒன்றுதான். விடிகாலையில் அதன்மேல் ஏறுகிறாளாம், இறங்குகிறாளாம். ஏறுகிறாளாம், இறங்குகிறாளாம். டீச்சர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அரைமணி நேரமும் அப்படியே.

முகம் எப்படி இருந்தது, அழுத மாதிரி இருந்தாளா என்று கேட்டோம். டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலைப்பா. பிரேக்கே புடிக்கல அவ."