மீதிப் பேர்

பொன்னேரி தாலுகா ஆபீஸ் கிளார்க் எம்பாருக்கு 1972 சித்திரையில் அந்த வேலை வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களுக்கு எளாவூருக்கு வெளியே குடிசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்று சரிபார்க்க வேண்டும். துணைக்குத் தலையாரி சுப்பிரமணி வந்தான்.

கடைசிக் குடிசை பூவம்மாளுடையது. பட்டியலில் அவளும் மகள் குணசுந்தரியும்தான். ஆனால் வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மண்டை பிளக்கும் வெயிலில் கறுப்புக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டதும், "அரசப்பனுங்க" என்றார். எம்பார் அந்தப் பெயரையும் சேர்த்து மூன்று பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் சுப்பிரமணி கேட்டான். "இன்னா சார், மூணுன்னு எழுதிட்டீங்க? அம்மாவும் பொண்ணும் ரெண்டு பேருதான கீறாங்க?"

"வாசல்ல கோட்டுப் போட்டுண்டு உக்காந்திருந்தாரே!"

சுப்பிரமணி அவர் முகத்தையே பார்த்தான். "வெயில் ஜாஸ்தி சார். வாங்க, சோடா குட்ச்சிக்கினு போலாம்."

மறுநாள் எம்பார் தனியாகப் போய்க் கேட்டார். பூவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை அப்படியே கீழே வைத்தாள்.

"ஒங்க கண்ணுக்கும் தெரியுறாருங்களா ஐயா? எம் மகளுக்குக்கூடத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரரு. அறுபத்து நாலுல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுச்சுல்ல? இத்தனை பேரு இந்தியாவுக்கு, இத்தனை பேரு இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. ஒன்றரை லட்சம் பேரைப் பொறகு பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. இவரு அந்த மீதியில. மனுவுக்குப் பதிலு வர்றதுக்குள்ள, மக கைப்புள்ளையா இருக்கையிலயே, தோட்டத்து வீட்டுல குளிர்ல செத்துட்டாருங்க."

ஆபீஸுக்கு வந்து அந்தப் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார் எம்பார்.  அடிக்காமலே பதிவேட்டை மூடி வைத்துவிட்டார்.

1974 தை மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பேப்பர் வாங்கினார். விட்டுவைத்த ஒன்றரை லட்சம் பேரையும் டெல்லியும் கொழும்பும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. எம்பார் ஆபீஸுக்குப் போகவில்லை. எளாவூருக்கு பஸ் ஏறினார்.

அரசப்பன் அதே வாசற்படியில் இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து கைகட்டி நின்றார். எம்பார் பேப்பர் செய்தியைப் படித்துக் காட்டினார்.

"நான் எந்தப் பாதிங்க ஐயா?"

 பேப்பரில் எண்ணிக்கைதான் இருந்தது, பெயர்கள் இல்லை. ஆனாலும் அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு எம்பாரால் சும்மா நிற்க முடியவில்லை.

"இந்தியாதான். இனிமே கவலையை விடுங்கோ."

அரசப்பன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து குடிசைக்குள் நுழைந்தார்.

பூவம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். எம்பார் நடந்ததைச் சொன்னதும் குடம் இடுப்பிலிருந்து நழுவியது.

"என்னங்க ஐயா இப்படிச் சொல்லிட்டீங்க! இலங்கையிலேயே இருக்கத்தானே அவரு மனு போட்டாரு! அப்பனையும் ஆத்தாளையும் பொதைச்ச மண்ண விட்டு வரவே மாட்டேன்னு சொன்ன மனுஷனுங்க! இனிமே அவரு இங்கேயேதான் கெடக்கணும்!"

எம்பார் வாசலுக்கு ஓடினார். "அரசப்பன்! தப்பாச் சொல்லிட்டேன், வெளியில வாங்கோ!"

 உள்ளேயிருந்து, இத்தனை வருஷமாக அவரைக் கண்ணால் கண்டிராத குணசுந்தரியின் குரல் அலறியது.

"அம்மா! அடுப்புக்கிட்ட யாரும்மா இது?"