படி இறங்கினால் கூப்பிடுவார்கள்

பிறக்காத பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்க அந்த ஆஸ்பத்திரியில் ஐந்நூறு ரூபாய். வயிற்றில் பெல்ட் கட்டி மெஷினில் மாட்டிவிட்டால் பிரசவம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆரணிப் பட்டுச்சேலை வியாபாரி வீரபாகு அதை முந்நூற்றைம்பதுக்குப் பேசி முடித்திருந்தார். மகள் பரிமளாவுக்கு முதல் பிரசவம். செலவு தாய்வீட்டுப் பொறுப்பு. பெங்களூருக்குச் சரக்கோடு போன மாப்பிள்ளை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

மாடியில், பிரசவ அறைக்கு வெளியே வீரபாகு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து துடிப்பு பவர்லூம் மாதிரி ஒரே சீராகக் கேட்டது.

"குடுத்த காசுக்கு நல்லாவே ஓடுது," என்றார் மனைவி அபிதகுசாம்பாளிடம்.

"மெஷினா ஓடுது? உங்க பேரப்பிள்ள ஓடுது."

மதியத்துக்கு மேல் ஓட்டம் தடுமாறியது. வலி வந்தால் இறங்கியது. வலி போன பிறகும் பழைய வேகத்துக்கு ஏறத் தயங்கியது. டாக்டர் தமிழ்ச்செல்வி பரிமளாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார், சலைன் ஏற்றினார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"குழந்தை ரொம்ப சிரமப்படுதுங்க. துடிப்பு எறங்கினா ஏற மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

முதலில் சொல்லும் விலை கடைசி விலையல்ல என்பது வீரபாகுவுக்குப் பால்குடி மாறும் முன்பே தெரியும். "நார்மலாவே பாத்துக் குடுங்கம்மா," என்றார்.

"நான் குடுக்கறதுல என்னங்க இருக்கு? காத்திருக்க நேரமில்ல."

ஜல்தி பண்ணுகிறவரின் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும். வீரபாகு எழுந்தார். "சரிங்கம்மா. வேலூர்ல வேற டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேன்," என்று மாடிப்படி இறங்கினார்.

அவர் தெருவில் இது எல்லாரும் அறிந்த வழக்கம். சேலை எடுக்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்படி இறங்கினால் முதலாளி பின்னாலேயே கூப்பிடுவார்: "இன்னாங்க கோச்சிக்கினு போறீங்க? வாங்க, சொன்ன வெலைக்கே எடுத்துக்கினு போங்க." வீரபாகுவே எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். விதி ஒன்றுதான்: இறங்கியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கீழே டீக்கடையில் நின்றார். மேலே திறந்திருந்த ஜன்னல் வழியாகத் துடிப்பு விட்டுவிட்டுக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. டீ பாதியில் இருக்கும்போது சத்தம் நின்றது.

தறி ஓட்டம் கேட்டு வளர்ந்த காதுக்கு, தறி நின்றால் எங்கோ இழை அறுந்திருக்கிறது. கையில் டம்ளரோடு படியேறினார்.

அபிதகுசாம்பாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில், மகள் கையிலிருந்து கழற்றிய வளைகாப்பு வளையல்கள்.

"சத்தம் நின்னுபோச்சே," என்றார்.

"பெல்ட்ட கழட்டிட்டு தியேட்டருக்கு தள்ளிக்கினு போனாங்க."

"கையெழுத்து யாரு போட்டது?"

"அவளேதான். நைனா எங்கன்னு கேட்டா. வெல பேசப் போயிருக்காருன்னேன். பேனாவ குடுன்னா."

"என்னைய யாரும் கூப்டலயே."

"யாருங்க கூப்டுவாங்க? இங்க யாரு வித்தாங்க?"

அவர் உட்காரவில்லை. வளையல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்துக் கதவுக்கு அப்பால் மெல்லிய அழுகை ஒன்று புறப்பட்டு, பிடித்துக்கொண்டு, பலமாயிற்று.

"பொண்ணுங்க," என்றார் டாக்டர். "கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்தது. இப்ப நல்லா இருக்கா."

வீட்டுக்குப் போகும் நாளில் பில் வந்தது. வீரபாகு ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லவில்லை. மெஷினுக்கு முந்நூற்றைம்பது என்றிருந்ததை மட்டும் ஐந்நூறாக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றாள் கவுன்டரில் இருந்த எழிலரசி.

அறைக்குப் போய்க் குழந்தைக்குக் கை நீட்டினார். பரிமளா உடனே கொடுத்துவிடவில்லை.

"டீ எப்படி இருந்துச்சி நைனா?"

அவள் குழந்தையை அவர் கையில் வைத்தாள். விரல்களுக்கு அடியில் துடிப்பு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

வரவு, ஒரு பேத்தி. பாக்கி, ஆஸ்பத்திரிக்கு நூற்றைம்பது ரூபாய், டீக்கடைக்கு ஒரு டம்ளர், பரிமளாவுக்கு ஒரு பதில்.